எண்ணிலிருந்து இசைக்கு: இல்லத்திற்கு ஏற்ற சிறு ஒலிமாற்றியைத் தெரிதல்

இசைக்கும் எண்ணுக்கும் உள்ள உறவு தமிழர் அறியாததொன்றன்று. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றுத் துறவு பூண்ட விபுலாநந்த அடிகளார், 1947 ஆம் ஆண்டு வெளிவந்த தமது யாழ் நூலிலே பழந்தமிழரின் சுருதிகளையும் பண்களையும் கணித முறையில் ஆராய்ந்து, அவற்றின் அளவுகளை எண்களால் விளக்கினார். அன்று அறிஞரின் ஏட்டிலே ஆராய்ச்சிப் பொருளாக இருந்த எண், இன்று நம் இல்லங்களிலே இசையாகவே ஒலிக்கின்றது. கைத்தொலைபேசியிற் கேட்கும் பாடலும், தொலைக்காட்சியில் வரும் கச்சேரியும், கணினியிற் சேமித்த பேச்சும் எண்களின் வரிசையன்றி வேறல்ல. அவ்வெண்களை மீண்டும் ஒலியாக்கும் கருவியைப் பற்றியும், அதனை வாங்க விரும்புவோர் கருத வேண்டியவை பற்றியும் இக்கட்டுரையிற் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இதனை இம்மலருக்கு உரிய பொருளாக நாம் கொண்டமைக்குக் காரணம் உண்டு. 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் கொழும்பிலே தொடங்கிய ஒலிபரப்பு, 1949 இல் இலங்கை வானொலி எனப் பெயர்பெற்று, பதுளை, பசறை, லுணுகலை, மொனராகலை ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இசையின்பத்தைப் பரப்பியது. வானொலிப் பெட்டியும் ஒலிநாடாவும் இருந்த இடத்தை இன்று கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. நம் பழைய மாணவர் பலர் வீட்டிலே நல்ல பழைய ஒலிபெருக்கிகளையும் அம்பிளிபயரையும் வைத்திருக்கின்றனர். ஆயினும் புதிய கைத்தொலைபேசியை அவற்றோடு இணைக்கும் வழி தெரியாது தடுமாறுகின்றனர். வணிகரோ ஆயிரம் ரூபாவிலிருந்து இலட்சம் ரூபா வரையிலான கருவிகளைக் காட்டுகின்றனர். எதனை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்னும் வினா சிறிய வினாவன்று; வரையறுத்த வருவாயுடைய குடும்பத்துக்கு அது பெரிய வினாவேயாம்.

மாற்றியின் தொழில்

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னலையாக்கும். அம்மின்னலையின் உயரத்தைக் குறித்த இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகப் பதிவதே இலக்கமுறைப் பதிவு. இம்முறைக்கு அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1938 இல் பிரான்சு நாட்டிலே காப்புரிமை பெற்றார். ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட தடவைகள் ஒவ்வொரு செக்கனிலும் அளந்தால், அவ்வளவுகளைக் கொண்டு அலையை முழுமையாக மீட்கலாம் என்னும் தேற்றத்தை 1949 இல் குளோட் ஷனன் தெளிவுற நிறுவினார். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையாகும். ஆதலின் இசை வட்டை வகுத்தோர் செக்கனுக்கு 44,100 அளவீடுகள் எனக் கொண்டனர். ஒவ்வோர் அளவும் 16 துவித இலக்கங்களால் எழுதப்படும். அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும்.

எண்ணை மின்னலையாக மீட்கும் கருவியே இலக்கமுறை ஒப்புமுறை மாற்றி. கடைகளில் இதனை 'டாக்' என்று வழங்குவர். நாம் இனிச் சுருக்கமாக மாற்றி என்போம். இதன் தத்துவத்தை மாணவர் நம் ஆய்வுகூடத்திலேயே கண்டறியலாம். 10,000 ஓம் தடைகள் மூன்றும் 20,000 ஓம் தடைகள் ஐந்தும் எடுத்து ஏணிபோல் அமைத்தால், நான்கு துவித இலக்கங்களுக்கு உரிய மாற்றி ஒன்று கிடைக்கும். அதற்கு 5 வோல்ற் கொடுத்தால் படியொன்று 0.3125 வோல்ற் ஆகும். 1010 என்னும் துவித எண்ணைச் செலுத்தினால், அது பத்தைக் குறிப்பதால், 3.125 வோல்ற் வெளிவரும். எட்டுத் தடைகளாலான இவ்வேணி செய்யும் பணியையே நகத்தளவு சில்லு ஒன்று மிக நுட்பமாகச் செய்கின்றது. தற்காலச் சில்லுகளிற் பெரும்பாலானவை ஏணிமுறையை விடுத்து, சில படிகளை மட்டுங்கொண்டு மிக விரைவாக மாறி மாறி இயங்கிச் சராசரியாற் சரியான அளவைத் தரும் முறையைப் பின்பற்றுகின்றன.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். எண்களாற் பதிந்த இசை படிக்கட்டுப்போல் வெட்டுண்டு ஒலிக்கும் எனச் சிலர் கருதுவர். மாற்றியின் இறுதியில் அமைந்த வடி, அப்படிகளை நீக்கி, பதிவு செய்த எல்லைக்குட்பட்ட மூல அலையை வழவழப்பாகவே தரும். வெளிவருவது படிக்கட்டன்று, தொடர்ந்த அலையே.

1982 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் யப்பானிலே சொனி நிறுவனம் விற்ற முதல் இசைவட்டுக் கருவியின் விலை 168,000 யென். அவ்வாண்டுகளில் பிலிப்ஸ் நிறுவனம் தன் முதற் கருவியில் 14 துவித இலக்கங்களுக்குரிய சில்லையே பயன்படுத்தி, வேறோர் உபாயத்தால் அதனை 16 இலக்கத் தரத்துக்கு உயர்த்தியது. அத்துணை அரிதாயிருந்த தொழில் நுட்பம் இன்று மிக மலிந்துவிட்டது. அப்பிள் நிறுவனம் 2018 இல் வெளியிட்ட, விரல் நீளமேயுள்ள யூ.எஸ்.பி. சி இணைப்புக் கம்பி அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்கப்பட்டது. அதனுள்ளும் ஒரு முழு மாற்றி உண்டு. அதன் தரம் இசைவட்டின் தரத்துக்கு ஏறத்தாழ ஒப்பானது. நல்ல மாற்றி விலையுயர்ந்ததாகவே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இன்று பொருந்தாது. இக்கட்டுரையின் சாரம் இதுவே.

தேவை யாருக்கு?

இசை ஒலிக்கும் ஒவ்வொரு கைத்தொலைபேசியிலும் கணினியிலும் தொலைக்காட்சியிலும் மாற்றி ஒன்று முன்னரே அமைந்துள்ளது. ஆதலின், தனி மாற்றி வாங்குமுன், உள்ள கருவியில் என்ன குறை என்று முதலில் வினவுதல் வேண்டும்.

நான்கு நிலைகளிலே தனி மாற்றி உண்மையாகப் பயன்படும். முதலாவது, கைத்தொலைபேசியில் ஹெட்போன் குழி இல்லாத நிலை. இரண்டாவது, கணினியின் குழியிலிருந்து இரைச்சலோ, சுட்டியை அசைக்கும்போது கிரீச்சொலியோ கேட்கும் நிலை. மூன்றாவது, புதிய தொலைக்காட்சியில் ஒளியிழைக் குழி மட்டும் இருக்க, பழைய அம்பிளிபயரில் சிவப்பும் வெள்ளையுமான இரு குழிகளே இருக்கும் நிலை. நான்காவது, இயக்குவதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும் ஹெட்போனை ஒருவர் வைத்திருக்கும் நிலை.

பயன்படாத நிலைகளும் உள. புளூடூத் ஹெட்போனிலும் புளூடூத் ஒலிபெருக்கியிலும் மாற்றி உள்ளேயே இருப்பதால், கைத்தொலைபேசியோடு வேறொரு மாற்றியைச் சேர்த்தல் வீண் செலவு. தேய்ந்த ஒலிநாடாவிலிருந்து பதிந்து இணையத்தில் இட்ட பழம்பாடலின் கரகரப்பை எம்மாற்றியும் நீக்காது. எண்ணில் இல்லாததை அது படைக்கவல்லதன்று. வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாக்களைக் கணினியிற் சேமிக்க விரும்புவோரும் இதனை வாங்குதல் ஆகாது. அவர்க்கு வேண்டியது ஒலியை எண்ணாக்கும் மறுதலை மாற்றி. தோட்டத்து முதியோர் பாடிய தாலாட்டுகளும், காமன் கூத்துப் பதிவுகளும் ஒலிநாடாவிலே அழிந்துகொண்டிருக்கும் இந்நாளில், அவ்வேறுபாட்டை அறிந்து உரிய கருவியை வாங்குதல் மிக இன்றியமையாதது. 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் இலங்கைத் தமிழரின் ஆவணங்களை எண்ணிம முறையிற் காத்து வருவதை வாசகர் அறிவர்.

தெரிவு செய்யும் முறை

தேவை உறுதியானபின், பின்வருவனவற்றை வரிசையாக நோக்குக.

முதற்கண் இணைப்பு. கைத்தொலைபேசிக்கும் கணினிக்கும் யூ.எஸ்.பி. இணைப்பு ஏற்றது. தொலைக்காட்சிக்கு ஒளியிழை இணைப்புச் சிறந்தது. அதில் மின்சாரம் செல்லாது ஒளியே செல்வதால், இரு கருவிகளுக்கிடையே மின்னிரைச்சல் கடக்க வழியில்லை. தொலைக்காட்சியோடு இணைப்போர் ஒன்றை மறத்தல் கூடாது. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'பி.சி.எம்.' என்பதனைத் தெரிதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், டொல்பி முறையிற் சுருக்கிய ஒலியை எளிய மாற்றி அறியமாட்டாது. ஒலியே வராது போகலாம். கருவி பழுதென்று எண்ணிக் கடைக்குத் திருப்பிக்கொண்டு செல்வோர்க்கு இக்குறிப்பு உதவும்.

இரண்டாவது, வெளிவரும் மின்னழுத்தம். இசைவட்டுக் கருவிகளின் வழக்கத்தைப் பின்பற்றி, அம்பிளிபயருக்கு உரிய மாற்றிகள் ஏறத்தாழ 2 வோல்ற் தருவனவாய் அமைக்கப்படுகின்றன. சிறு கம்பி மாற்றிகள் 1 வோல்ற் அல்லது அதனினும் குறைவாகத் தரும். இக்குறைவு தரக்குறைவன்று, அம்பிளிபயரின் திருகைச் சற்றே கூட்டினால் சரியாகும். மேற்சொன்ன அப்பிள் கம்பியோ சில அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுடன் இணைக்கப்படும்போது மிகத் தாழ்ந்த ஒலியையே தருவதாதலின், தம் தொலைபேசியுடன் இணைத்துக் கேட்டபின்னரே பணம் கொடுத்தல் நன்று.

மூன்றாவது, ஹெட்போனோடு பொருந்துதல். மாற்றியின் வெளியீட்டுத் தடங்கல் ஹெட்போனின் தடங்கலில் எட்டிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நல்ல விதி. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் அல்லது அதற்குக் குறைந்த வெளியீட்டுத் தடங்கல் போதும். 250 ஓம், 300 ஓம் உடைய ஹெட்போன்களுக்கு மின்னழுத்தம் மிகுதியாக வேண்டும். அவற்றை வைத்திருப்போரே ஹெட்போன் அம்பிளிபயர் சேர்ந்த மாற்றியை நாடுதல் வேண்டும்.

நான்காவது, கணினியோடு இணங்குதல். 2006 இல் வகுத்த யூ.எஸ்.பி. ஒலி வகுப்பின் இரண்டாம் பதிப்பை விண்டோஸ் 10 முறைமை 2017 முதலே நேரடியாக ஏற்றுக்கொண்டது. பழைய கணினியைப் பயன்படுத்துவோர், முதற் பதிப்பிலும் இயங்கும் மாற்றியைத் தெரிந்தால் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை.

இனி, பெட்டியில் அச்சிட்ட பேரெண்களைப் பற்றி ஒரு சொல். 32 துவித இலக்கம், 768 கிலோஹேர்ட்ஸ் என்னும் அளவுகளைக் கண்டு மயங்குதல் வேண்டா. 16 இலக்கப் பதிவு கொள்ளக்கூடிய மிகப் பெரிய ஒலிக்கும் அதன் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, கணக்கின்படி ஏறத்தாழ 98 டெசிபெல். வீட்டு அறையின் இயல்பான அரவமே 30 டெசிபெல்லை அடுத்திருக்கும். கூரைமேல் மழை விழும்போது எவ்வளவாகும் என்பதைத் தகரக் கூரையின் கீழ் வாழ்ந்தோர் அறிவர். 2007 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே மேயர், மொரான் என்போர் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதனை இசைவட்டுத் தரத்துக்குக் குறைத்ததையும் கேட்டோர் வேறுபடுத்த முயன்றனர். 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரியாயின. நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய அவ்வளவே கிடைக்கும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016 இல் வெளிவந்த ரைஸ் என்பாரின் ஆராய்ச்சி, சரியான விடை நூற்றுக்கு 52.3 ஆக இருந்தது என்றும், பயிற்சி பெற்றோர் இன்னுஞ் சற்று மேம்பட்டனர் என்றும் கூறிற்று. வேறுபாடு உண்டெனினும் அது மிகச் சிறிது. அதற்காகப் பன்மடங்கு பொருள் செலவிடுதல் தகுமோ என்பதை வாசகரே தீர்மானிக்க.

நம் மாகாணத்துக்குரிய கவனங்கள்

அப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் பனிமூட்டமும், மொனராகலைத் தாழ்நிலத்தின் வெப்பமும் தூசியும் மின்கருவிகளுக்குப் பகையானவை. ஈரத்தாற் குழிகளின் உலோகம் மங்கினால் ஒலி விட்டுவிட்டு வரும். பயன்படுத்தாத வேளையில் மாற்றியை மூடியுள்ள கலத்தில் வைத்தலும், செருகிகளை இடையிடையே துடைத்தலும் போதிய காப்பாகும்.

இடிமின்னலே பெரிய அபாயம். மார்ச், ஏப்பிரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி மிகுதி. அவ்வேளைகளில் ஆளியை நிறுத்தினாற் போதாது. இடி நெருங்குமுன்னரே செருகியைக் கழற்றுதல் வேண்டும். அன்ரெனாக் கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் அவ்வாறே கழற்றுக. கம்பி வழியாக இணைந்த கருவிகளுள் ஒன்றைத் தாக்கும் மின்னல் ஏனையவற்றையும் தாக்கவல்லது.

ஒலிபெருக்கியில் ஓயாத ரீங்காரம் கேட்பின், அது பெரும்பாலும் மாற்றியின் குறையன்று. கணினியும் அம்பிளிபயரும் வெவ்வேறு சுவர்க் குழிகளில் இணைந்து, நிலத்தொடுப்பு வளையமாக அமைந்தமையே காரணமாகலாம். இரண்டையும் ஒரே பலகையில் இணைத்துப் பார்க்க. அப்போதும் ஓயாவிடின் ஒளியிழை இணைப்பு உதவும். ரீங்காரத்தைப் போக்க நிலத்தொடுப்புக் கம்பியை வெட்டிவிடுவாரும் உளர். அது உயிருக்கே உலை வைக்கும் செயல், ஒருபோதும் செய்யற்க.

2022 ஆம் ஆண்டு மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தை எட்டியதை எவரும் மறந்திரார். கைத்தொலைபேசியிலிருந்தே மின்சாரம் பெறும் சிறு மாற்றி அத்தகைய காலத்திலும் இயங்கும். தனி மின்வழங்கி வேண்டும் பெட்டி மாற்றிகள் அவ்வாறு இயங்கா.

செவியே நடுவர்

இரு மாற்றிகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் சமமாக இருத்தல் இன்றியமையாதது. சற்றே உரத்து ஒலிப்பது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி மயங்கும். அளவைச் சமமாக்கியபின், நண்பர் ஒருவர் எது இயங்குகின்றதென்று கூறாமல் பத்து முறை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க. கேட்போர் ஒவ்வொரு முறையும் விடை எழுதுக. பத்தில் ஐந்து சரியாதல் தற்செயல். ஒன்பதோ பத்தோ சரியாதல் தற்செயலால் நிகழ்வதற்கு 1,024 இல் 11 வாய்ப்புகளே உள. அவ்வளவு சரியாகச் சொல்ல இயலுமாயின் வேறுபாடு உண்மை எனலாம்; இயலாவிடின் மலிந்ததையே வாங்குக. சோதனைக்கு நாம் நன்கு பழகிய ஒலிகளே ஏற்றவை. தப்பின் முதலடி, உடுக்கின் விம்மல், நாதசுரத்தின் கார்வை, நன்கு அறிந்த ஒருவரின் பேச்சுக் குரல் ஆகியவற்றில் பிழை இருப்பின் நம் செவி உடனே உணரும்.

பொருளைப் பகிரும் வகை

2024 செப்டெம்பரிலே பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 290 ரூபா. அக்கணக்கின்படி 9 டொலர் மாற்றி இரண்டு நாட் சம்பளம். 100 டொலர் மாற்றி இருபத்தொரு நாட் சம்பளம். இறக்குமதிச் செலவும் வணிகர் இலாபமும் சேர இவை இன்னும் உயரும். இவ்விரண்டுக்கும் இடையே செவி உணரும் வேறுபாடு பெரும்பாலும் இல்லை. இணைப்பு வகையிலும், குழிகளின் உறுதியிலும், ஒலித்திருகு முதலான வசதியிலுமே வேறுபாடு உண்டு. ஆயின் அதே பணத்தை ஒலிபெருக்கியிலோ ஹெட்போனிலோ செலவிட்டால், சிறு குழந்தையும் வேறுபாட்டைக் கூறும். மின்னலையைக் காற்றின் அதிர்வாக்கும் ஒலிபெருக்கியே ஒலித்தொடரில் மிக வலுக்குறைந்த கண்ணி. சிறு ஒலிபெருக்கியில் தப்பின் அடித்தொனி மறைந்துபோதற்கு மாற்றி பொறுப்பன்று.

எனவே, வீட்டுக்கு இசையமைப்பு வாங்குவோர் முதலில் ஒலிபெருக்கிக்கும், அடுத்து அம்பிளிபயருக்கும், இறுதியிலேயே மாற்றிக்கும் பொருள் ஒதுக்குக. ஒலிபெருக்கியைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி, செவியின் உயரத்தில் வைத்தலும், வெற்றுச் சுவருக்கு எதிரே திரைச்சீலை தொங்கவிடுதலும் செலவின்றி ஒலியைத் திருத்தும். மாற்றி வாங்குங்கால், வேண்டிய இணைப்பு உடையதாய், உத்தரவாதம் உள்ளதாய், பழுதானாற் கொண்டு செல்லத்தக்க தூரத்திலுள்ள கடையிற் கிடைப்பதாய் உள்ள சிறியதொன்றே சாலும்.

நம் கல்லூரி மாணவர் மேற்கூறிய தடை ஏணியை அமைத்து, எண் ஒன்று மின்னழுத்தமாக மாறுவதைத் தம் கையாலேயே அளந்து பார்ப்பாராக. ஆசிரியப் பெருமக்கள் அதற்கு வழிகாட்டுவாராக. பழைய மாணவர்கள் தம் வீட்டில் உறங்கும் ஒலிபெருக்கிகளை மீண்டும் பேசவைத்து, மிஞ்சும் பணத்தைப் பிள்ளைகளின் நூலுக்கும் கல்விக்கும் ஒதுக்குவாராக. கருவியின் விலையால் இசை உயர்வதில்லை. அமைதியாக அமர்ந்து கேட்கும் செவியாலேயே அது உயர்கின்றது.